படத்தில் ஒற்றைப் புள்ளி, வானில் இரண்டு கற்கள்

கேள்வி: 2022-இல் இரட்டைச் சிறுகோள் டிடிமோஸை 8 அங்குலத் தொலைநோக்கியில் இரவு இரவாகப் படமெடுத்தேன். எல்லாவற்றிலும் ஒற்றைப் புள்ளிதான். அதன் நிலவை எப்படிப் பிடிப்பது?

பதில்: ஃபோகஸில் குறை தேடாதீர்கள். டிடிமோஸ் சுமார் 780 மீட்டர் அகலம்; அதைச் சுற்றும் டைமார்ஃபஸ் 150 மீட்டர் சொச்சம்; நடுவே 1.2 கிலோமீட்டர் இடைவெளி. அந்தச் செப்டம்பர் இறுதியில் இந்த ஜோடி நம்மிடமிருந்து 1.1 கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கிருந்து பார்த்தால் அந்த இடைவெளி 0.02 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கே ஓர் ஆர்க் செகண்ட்). உங்கள் தொலைநோக்கி பிரித்துக் காட்டுவதோ 0.6 வரைதான்.

ஆனால் அந்தப் படங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! நிலவு இருப்பதை வெளிச்சம் சொல்லும். சுற்றுப்பாதை நமக்கு விளிம்பு காட்டி நிற்கும் காலத்தில், நிலவு தாய்க்கல்லுக்கு முன்னே கடந்தாலும் பின்னே மறைந்தாலும் புள்ளி சற்று மங்கும். இரு கற்களின் பரப்பை ஒப்பிட்டால் 4 சதவீதம் அளவுக்குத்தான். ஆகவே அளவீட்டுப் பிழை 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஒவ்வொரு படத்திலும் சிறுகோளின் வெளிச்சத்தை அதே படத்தில் உள்ள நாலைந்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு அளந்து, நேரத்துக்கு எதிராக வரையுங்கள். மெல்லிய மேகம் குறுக்கிட்டாலும் எல்லாம் சேர்ந்தே மங்கும், விகிதம் பெரிதாக மாறாது. முதலில் ஒரு மேடுபள்ளம் தெரியும். அது நிலவல்ல, டிடிமோஸ் 2 மணி 16 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுவதன் தடம். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். அதைக் கழித்த பிறகும் எஞ்சும் பள்ளங்களே நிலவின் கையெழுத்து.

படங்கள் செப்டம்பர் 26-க்கு முந்தையவையா, பிந்தையவையா என்று பிரித்துக்கொள்ளுங்கள். அன்றுதான் நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் மீது மோதியது. 11 மணி 55 நிமிடமாக இருந்த சுற்றுக்காலம் சுமார் 11 மணி 23 நிமிடமானது. ரேடாரோடு இந்தப் பள்ளங்களின் நேரத்தையும் பிடித்துத்தான் அதைக் கண்டறிந்தார்கள். மோதலை ஒட்டிய இரவுகளில் தெறித்த தூசியும் ஒளிர்ந்ததால் பள்ளங்கள் ஆழம் குறைந்து தெரியும்.

முந்தைய படங்களில் இன்னொரு சிக்கல். இரண்டு சுற்றுக்கு 23 மணி 50 நிமிடம். அதாவது மறுநாள் அதே பள்ளம் பத்தே நிமிடம் முன்னதாக வரும். நீங்கள் படமெடுக்கும் நேரத்துக்கு வெளியே அது விழுந்தால் வாரக்கணக்கில் வெளியேதான் விழும். வேறு தீர்க்கரேகையில் இருந்து படமெடுத்தவரின் அளவீடுகளைச் சேர்த்துக்கொள்வதுதான் வழி.