ஒட்டிய தோல் திரும்பச் சுருங்குமா?

தாராவியிலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். ஸ்டவ் வெடித்துத் தங்கைக்குக் கழுத்தும் மார்பும் வெந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தாடை மார்போடு இழுத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்க முடியவில்லை, வாயும் சரியாக மூடுவதில்லை. தொடைத் தோலை எடுத்து ஒட்டலாம் என்கிறார் டாக்டர். “அதுவும் திரும்பச் சுருங்கிவிடும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். செய்யலாமா?”

செய்யுங்கள். தழும்பு முற்றட்டும் என்று பொதுவாக ஓராண்டு காத்திருப்போம், அது கடந்துவிட்டது. இவ்வளவு இறுகிய தழும்பு இனி எண்ணெய்க்கும் பயிற்சிக்கும் இளகாது.

பக்கத்து வீட்டார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. தழும்பை வெட்டிவிட்டதும் கழுத்தில் பெரிய புண் திறந்துகொள்ளும். அதை மூடுமளவுக்குத் தொடையில் தோல் கிடைக்கும், ஆனால் அது மெல்லியது, ஒட்டிய பிறகு மாதக்கணக்கில் சுருங்கப் பார்க்கும். தோள்பட்டைத் தோல் வேகாமல் இருந்தால், ரத்த ஓட்டத்தோடு அதைத் திருப்பிக் கழுத்தில் வைத்துத் தைக்கலாம். ‘ஃபிளாப்’ என்பார்கள். இது அவ்வளவாகச் சுருங்காது. தங்கைக்கு இது சரிப்படுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

தொடைத் தோல்தான் என்றால் பாதி வேலை ஆபரேஷனுக்கு அப்புறம்தான். தோல் பிடித்ததும் கழுத்துக்கு அளவெடுத்த காலர் போடுவார்கள். குளிக்கவும் சாப்பிடவும் கழற்றலாம். மற்றபடி ராப்பகலாக, குறைந்தது ஆறு மாதம் கழுத்தில் இருக்க வேண்டும். தலையணை கூடாது, தோளுக்கடியில் சுருட்டிய துணி வைத்துப் படுக்க வேண்டும். மும்பையின் மே மாதப் புழுக்கத்தில் காலரைக் கழற்றிப் போடத்தான் தோன்றும். பெரும்பாலும் கழுத்து திரும்ப இழுத்துக்கொள்வது அப்படித்தான். முடிந்தால் மழைக்காலம் முடிந்து தேதி வாங்குங்கள். வாய் மூடாததால் அதற்கு மேல் தள்ள வேண்டாம்.

இன்னொன்று, மயக்க மருந்து. தலை பின்னால் சாயாதவர்களுக்கு மூச்சுக்குழாய் போடுவது சிரமம். பலருக்கு விழித்திருக்கும்போதே, மரக்க வைத்து, கேமரா உள்ள மெல்லிய குழாயின் உதவியோடு போடுவார்கள். அதனால் மயக்க மருத்துவர் முன்கூட்டியே தங்கையைப் பார்த்தாக வேண்டும்.

உங்களுக்குப் பக்கத்தில் சயான் மருத்துவமனையிலேயே பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உண்டு. எங்கே செய்தாலும் காலரை யார் செய்து தருவார்கள், எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதைத் தேதி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.