இலாலா எப்போது வரும்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

மலாவி நாட்டின் வடக்கே, கரோங்கா மாவட்டத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தன்னார்வலராகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். ஆகஸ்ட் விடுமுறையில் என்னைப்போல வந்திருக்கும் மூன்று நண்பர்களோடு மலாவி ஏரியிலுள்ள லிகோமா தீவுக்குக் கிளம்பினேன். சிலும்பா துறையில் இரவு வரவேண்டிய ‘இலாலா’ கப்பல் மறுநாள் மதியம்தான் வந்தது. வழியில் காற்று பலமாகி ஒரு விரிகுடாவில் நங்கூரம் போட்டு நின்றுவிட்டது. திரும்பும்போதும் இதே கதை. பள்ளி திறந்து மூன்று நாள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தேன். நல்லவேளை, தலைமையாசிரியர் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அந்த நாட்கள் மிகவும் பிடித்திருந்தன. நேரம் என்ற ஒன்றே இல்லாத மனிதர்கள்! நண்பர்களில் ஒருவர் மட்டும் வழியெல்லாம் கோபமாக இருந்தார். “இதில் என்ன அனுபவம், வெறும் ஒழுங்கின்மை” என்றார். இப்போது எங்களுக்குள் பேச்சே குறைந்துவிட்டது. யார் சொல்வது சரி? இவர்களோடு இன்னொரு முறை போகலாமா?

ர.

அன்புள்ள ர.,

எனக்கு இரண்டு பேர் சொல்வதும் ஒன்றாகத்தான் தெரிகிறது. அங்குள்ளவர்களுக்கு நேரக்கணக்கு கிடையாது என்று நீங்கள் ரசித்துச் சொல்கிறீர்கள், அவர் எரிச்சலோடு சொல்கிறார். கப்பல் ஏன் தாமதமாகிறது என்று இருவருமே யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை. கணக்கு வாத்தியார் நீங்களாவது கேட்டிருக்கலாம்.

காற்றிலிருந்து தொடங்குகிறேன். மலாவி ஏரி கிட்டத்தட்ட 580 கிலோமீட்டர் நீளம், ஆழமான இடத்தில் 700 மீட்டர். பெயருக்குத்தான் ஏரி. மே முதல் ஆகஸ்ட் வரை தென்கிழக்கிலிருந்து ‘ம்வேரா’ என்ற காற்று வீசும். ஏரி வடக்கு தெற்காக நீண்டு கிடப்பதால், அந்தக் காற்று தடையே இல்லாமல் நீரைத் தள்ளிக்கொண்டு வந்து வடக்கே பெரிய அலைகளாக எழுப்பிவிடும். நீங்கள் போனது அந்தப் பருவத்தில். அதுவும் வடக்கிலிருந்து தெற்கே, காற்றுக்கு எதிராக.

அந்த இலாலா வந்த கதை உங்களுக்குத் தெரியுமா? அதற்கு முன்னால் ‘விப்யா’ என்று ஒரு கப்பல் ஓடியது. 1946 ஜூலையில், இதே காற்றுக் காலத்தில், நீங்கள் காத்திருந்த சிலும்பா பக்கத்தில்தான் அது மூழ்கியது. சுமார் 145 பேர் இறந்தார்கள். அதற்கு மாற்றாக கிளாஸ்கோவில் கட்டி, பாகம் பாகமாகக் கொண்டுபோய் ஏரிக்கரையில் பூட்டி, 1951-இல் ஓடவிட்டதுதான் இலாலா. இப்படியொரு வரலாற்றின்மேல் ஓடும் கப்பலின் மாலுமி, காற்று ஏறினால் ஒதுங்கி நிற்கத்தான் செய்வார். உங்கள் நண்பர் ஒழுங்கின்மை என்று சொன்னாரே, விரிகுடாவில் நின்ற அந்த இரவுதான் அந்தப் பயணத்திலேயே மிக ஒழுங்கான விஷயம் என்பேன். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி நோக்கிப் புயலுக்குள் போன பாசஞ்சர் ரயிலின் கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வண்டி நிற்கிறதே என்று நாம் சலித்துக்கொள்ளலாமா?

அப்புறம் சரக்கு. சிலும்பாவுக்கும் ங்காட்டா பேவுக்கும் நடுவே மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. ருவார்வே போன்ற ஊர்களுக்குச் சாலை கிடையாது. படகுத்துறையும் கிடையாது. கப்பல் கரையிலிருந்து தள்ளி நிற்க, சிறு படகுகள் போய்வந்து ஆளையும் மூட்டையையும் ஏற்றி இறக்கவேண்டும். மக்காச்சோளம், மரவள்ளி, உசிபா என்ற பொடிமீன் கருவாடு, மெத்தை, கோழி, எல்லாமே அலையில் ஆடும் படகு வழியாகத்தான். விளைச்சல் நன்றாக இருந்தால் மூட்டை கூடும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் நேரம் கூடும். நிறுத்தம் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போனாலே கடைசி ஊரில் அரை நாள் காணாமல் போய்விடும். உங்கள் மாணவர்களே போட்டுவிடக்கூடிய கணக்கு இது.

அந்த ஊர்க்காரர்கள் இந்தக் கணக்கை மனதிலேயே போடுகிறார்கள் என்பதுதான் நான் சொல்லவருவது. கீழ்த்தளத்தில் உங்களோடு வந்த பெண்களைக் கவனித்தீர்களா? போர்வை, வெந்த மரவள்ளிக்கிழங்கு, குழந்தைக்கு மாற்றுத்துணி என்று ஒன்றிரண்டு நாள் கூடுதலாகத் தாங்கும் அளவுக்குக் கட்டிக்கொண்டுதான் அப்படிப்பட்ட பயணத்துக்கு வருவார்கள். அச்சடித்த நேரத்தை நம்பாமல் காற்றையும் மூட்டையையும் பார்த்துத் திட்டமிடுகிறவர்களைப் போய் நேரமில்லாதவர்கள் என்று சொல்லலாமா? அவர்களுக்கும் தாமதத்தால் நஷ்டம் உண்டு. சரியாகக் காயாத மீன் அழுகும், சந்தைநாள் தவறும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் வலியோடு காத்திருப்பார். கப்பல் நின்ற இரவில் நீங்கள் மேல்தளத்தில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருப்பீர்கள். பாருங்கள், தாராளமாகப் பாருங்கள். கீழே இருந்தவர்களின் நஷ்டத்தை மட்டும் அவர்களுடைய சுபாவம் என்று எழுதாதீர்கள்.

இனி கொஞ்சம் கடுமையாக ஒன்று. பள்ளிக்கு மூன்று நாள் தாமதமாகப் போனதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். தலைமையாசிரியர் ஒன்றும் சொல்லவில்லை என்றால், தூரதேசத்திலிருந்து சம்பளமில்லாமல் வந்தவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியிருப்பார். அதே மூன்று நாள் ஒரு உள்ளூர் ஆசிரியர் வராமல் இருந்திருந்தால்? பள்ளியின் கடைசி வகுப்பான நான்காம் படிவப் பிள்ளைகளுக்கு ஆண்டு முடிவில் அரசுத் தேர்வு இருக்கிறது. போகும் வழியில் எவ்வளவு வேண்டுமானாலும் தாமதமாகட்டும், அது உங்கள் விடுமுறை. திரும்பும் வழியில் தாமதமானால் அது அவர்கள் பாடவேளை. தன்னார்வலர் என்பதால் இதில் சலுகை எதுவும் கிடையாது. என்னைக் கேட்டால், சம்பளம் வாங்காதவர்தான் இதில் இன்னும் கறாராக இருக்கவேண்டும், ஏனென்றால் அவரை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

லிகோமாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டது எனக்குக் குறைதான். 18 சதுர கிலோமீட்டர் தீவில், 1903-இல் தொடங்கி எட்டு ஆண்டுகளில் எழுப்பிய அந்தக் கல் தேவாலயம்! முன்பு சூனியக் குற்றம் சாட்டப்பட்டவர்களை எரித்த இடத்தில் கட்டியது என்று சொல்வார்கள். தீவைச் சுற்றிலும் இருக்கும் ஏரிப்பகுதி மொசாம்பிக் நாட்டுக்குச் சொந்தம். நடுவே இதுவும் பக்கத்திலுள்ள சிசுமுலு தீவும் மட்டும் மலாவி. ஆங்கிலிக்கன் மிஷன் அங்கே வேரூன்றியதால் வந்த ஏற்பாடு. காத்திருந்த கதைதான் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது, போய்ச் சேர்ந்த இடத்தைக் காணோம்.

நண்பரோடு பேச்சு குறைந்தது பெரிய விஷயமில்லை. ஒரு வாரம் தூக்கம் கெட்டு, ஒரே பையிலிருந்து சாப்பிட்ட நால்வருக்குள் இதுகூட வராவிட்டால்தான் ஆச்சரியம். எங்கே திரும்புவது, எப்போது கைவிடுவது என்று முடிவெடுக்கும் பொறுப்பைக் கிளம்பும் முன்பே ஒருவரிடம் கொடுத்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. அடுத்த முறை விடுமுறையின் முதல் வாரத்திலேயே கிளம்புங்கள், கடைசி வாரத்தைத் தொடாதீர்கள். முடிந்தால் ஏப்ரலில் போங்கள், ம்வேரா அப்போது முழுதாகக் கிளம்பியிருக்காது. அந்தக் கோபக்கார நண்பரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். திரும்பும் தேதியை அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா