ஏழு மாட்டுக்கு எந்தக் காளை?

கேள்வி: செங்கம் பக்கத்தில் மாடு வளர்க்கிறேன் ஐயா. ஐந்து ஜெர்சி கலப்பு, இரண்டு ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் பிரீசியன்) கலப்பு, ஆக ஏழு கறவை. மூன்றரை வருடமாக ஒரு ஜெர்சி கலப்புக் காளையை வைத்துச் சினைப்படுத்தி வந்தேன். அதற்குப் பிறந்த கிடேரிகள் மூன்று நிற்கின்றன. இரண்டு பருவத்துக்கு வரும் வயது. காளையை மாற்றலாம் என்றிருக்கிறேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் குஜராத் இனமான கிர் காளை வாங்கு என்கிறார், மாட்டுத் தரகர் ஹெச்.எஃப். என்கிறார், அப்பா காங்கேயம்தான் என்று நிற்கிறார். ஹெச்.எஃப். மாடுகள் 14 லிட்டர் வரை கறந்தாலும் வெயிலில் மூச்சு வாங்குகின்றன, சினை பிடிக்க இழுக்கின்றன. முப்பது சென்ட் கோ-4 தீவனப் புல், வைக்கோல், கடலைக்கொடி உண்டு. பங்குனிக்கு மேல் கிணற்றில் தண்ணீர் குறைந்துவிடும். பால் சொசைட்டிக்கு. எந்த இனத்தில் வாங்கலாம்?

பதில்: எந்த இனம் என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தக் காளையை இன்று சாயங்காலமே கிடேரிகளிடமிருந்து பிரித்துக் கட்டுங்கள். பெற்ற மகளையே காளை சினைப்படுத்தினால் பிறக்கும் கன்று எடை குறைந்து, நோய்க்குச் சுலபமாக ஆட்பட்டு, பெரிதானாலும் பாலில் தேறாது. காளை ஏற்கெனவே ஏறியிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கைவிட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார். கிடேரி சிறிசாக இருந்தால், ஆரம்ப மாதங்களிலேயே சினையைக் கலைக்க அவரிடம் ஊசி உண்டு. நன்றாக வளர்ந்த கிடேரி என்றால் ஈனட்டும், பாலைக் கறந்துகொள்ளுங்கள். அந்தக் கன்றை மட்டும் இனவிருத்திக்கு வைக்காதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. மூன்று பேர் மூன்று காளை சொல்லியிருக்கிறார்கள். என் பதில், காளையே வாங்க வேண்டாம் என்பது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு மாடும் இரண்டு மூன்று கிடேரியும் வருடத்துக்கு எத்தனை முறை பருவத்துக்கு வந்து காளை கேட்கும்? தப்பிப்போனதையும் சேர்த்தால் பதினைந்து, மிஞ்சினால் இருபது. அந்த வேலைக்காக 400 கிலோ காளைக்கு 365 நாளும் ஒரு கறவை மாட்டின் தீனி போட வேண்டும். சித்திரை வைகாசியில் முப்பது சென்ட் புல்லில் கறவைகளுக்கே பற்றாது. இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. ஒரு காளை வாங்கினால் ஏழு மாட்டுக்கும் அதே ரத்தம்தான். உங்கள் மாடுகளோ இரண்டு விதம். ஜெர்சி கலப்புக்குப் பொருந்துவதெல்லாம் ஹெச்.எஃப். கலப்புக்குப் பொருந்தாது. சினை ஊசி, அதாவது மெல்லிய குச்சியில் உறையவைத்த காளை விந்தைச் செலுத்துவது என்றால், மாட்டுக்கு மாடு வேறு காளை போடலாம். மூன்று வருடம் கழித்து இதே மகள் பிரச்சினை திரும்ப வராது. கருச்சிதைவு நோய் (புரூசெல்லோசிஸ்) மாதிரி காளை வழியாகப் பரவுவதும் உள்ளே வராது.

காளையை வைத்து நம்முடைய ஆட்கள் ரத்தம் கணக்கிடும் விதம் எனக்குப் பிடிக்கும். அரை, முக்கால் என்பார்கள். தாயிடமிருந்து பாதி, காளையிடமிருந்து பாதி, அவ்வளவுதான் கணக்கு. நாட்டுப் பசுவுக்குச் சுத்த ஜெர்சி போட்டால் கன்று அரை ரத்தம், அதாவது பாதி சீமை ரத்தம். அந்தக் கன்று பெரிதானதும் மறுபடி சுத்த ஜெர்சி போட்டால் முக்கால். அதற்கும் சுத்த ஜெர்சி என்றால் முக்காலே அரைக்கால் (எட்டில் ஏழு பங்கு). ரத்தம் ஏற ஏறப் பால் கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். குளிர்ந்த கொட்டகையும் தடையில்லாத பசுந்தீவனமும் இருந்தால் கூடும். செங்கம் வெயிலில், பங்குனியில் வற்றும் கிணற்றை வைத்துக்கொண்டு முக்காலைத் தாண்டினால் நடப்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மூச்சு வாங்கும், சினை தள்ளிப்போகும், உண்ணிக் காய்ச்சல் வேறு வந்து மருத்துவச் செலவு வைக்கும். அரைக்கும் முக்காலுக்கும் நடுவே, அரையே அரைக்கால் (எட்டில் ஐந்து பங்கு) வாக்கில் மந்தையை நிறுத்துவதுதான் உங்கள் தீனிக்கும் தண்ணீருக்கும் தாங்கும்.

உங்கள் ஐந்து ஜெர்சி கலப்பில் எது எவ்வளவு ரத்தம் என்று பழைய குறிப்பு இருக்காது. கண்ணால் பார்த்து ஓரளவு சொல்லலாம். திமில் லேசாகத் தெரிந்து, கழுத்தடித் தாடி கொஞ்சம் தொங்கினால் அரைக்குக் கிட்டத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட மாட்டில் பால் ஆறேழு லிட்டரோடு நின்றால், ஒரு தடவை சுத்த ஜெர்சி ஊசி போடலாம். முதுகு பலகை மாதிரி நேராக, திமிலே இல்லாமல் இருந்தால் ரத்தம் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. அதற்கு ஜெர்சி கலப்புக் காளையின் ஊசி. முக்கால் தாய்க்கு அரைக் காளை போட்டால் கன்று அரையே அரைக்காலில் வந்து நிற்கும். நம் மாநிலத்தில் சமவெளிக்கு ஜெர்சியை வெகுகாலமாகச் சொல்லி வருவதற்குக் காரணம் இருக்கிறது. உடம்பு சிறிசு, தீனி குறைவு, பாலில் கொழுப்பு நாலரைக்கு மேல் நிற்கும். சொசைட்டியில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்துத்தானே காசு போடுகிறார்கள்.

அந்த இரண்டு ஹெச்.எஃப். மாட்டுக்கு இன்னொரு ஹெச்.எஃப். போடுவது, தரகர் சொல்வதைப் போல, ஏற்கெனவே மூச்சு வாங்குவதன் தலையில் மூட்டை ஏற்றுவது. ஒன்றுக்கு ஜெர்சி கலப்பு ஊசி போடுங்கள். வெயிலில் அதிகம் திணறும் மற்றதுக்கு, பஞ்சாப் பக்கத்து நாட்டுக் கறவை இனமான சாஹிவால் போட்டுப் பார்க்கலாம். மாடு முக்கால் ரத்தம் என்றால், அதில் பிறக்கும் கிடேரி காலே அரைக்கால் (எட்டில் மூன்று பங்கு) ரத்தத்துக்கு இறங்கிவிடும். வெயில் தாங்கும், உண்ணியைத் தாங்கும். ஆனால் தாய் அளவுக்குக் கறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பருவத்துக்கும் கொஞ்சம் தாமதமாக வரும், சிலது கன்றை விட்டால்தான் மடி இறக்கும். ஒரு மாட்டில் மட்டும் செய்து பார்க்கச் சொல்வது அதனால்தான்.

கிர் விஷயத்துக்கு வருகிறேன். நெற்றி புடைத்து, காது சுருண்டு தொங்கினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் சந்தையில் காதையும் நெற்றியையும் பார்த்து வாங்கும் காளையின் தாய் எவ்வளவு கறந்தது என்று விற்பவருக்கே தெரியாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் செல்போனில் காட்டியிருக்கக்கூடிய பிரேசில் கிர் மாடுகள் பல தலைமுறை பால் கணக்கு எழுதி, பொறுக்கி வளர்த்தவை. அந்தப் பிரேசில்காரர்களே பாலுக்கென்று உருவாக்கிய கிரோலாண்டோ இனத்தில் ஹெச்.எஃப். அரையே அரைக்கால், கிர் காலே அரைக்கால். சுத்தக் கிரை மட்டும் நம்பி அவர்களும் இருந்துவிடவில்லை. உங்களுக்கு ஆசை இருந்தால், தாயின் கறவை அளவு பதிவான கிர் காளையின் ஊசி கிடைக்குமா என்று கேட்டு, சாஹிவாலுக்குப் பதில் அதை அந்த ஒரு மாட்டுக்குப் போடுங்கள்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வீர்களோ தெரியாது. காங்கேயம் உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம். கலப்பினக் கறவைக்கு அதைப் போட்டால் பால் சரசரவென்று இறங்கும், பிறக்கும் காளைக்கன்றும் அசல் காங்கேயமாக விலை போகாது. அவர் ஆசைக்கு ஒரு அசல் காங்கேயம் பசுவை வாங்கித் தனியாகக் கட்டி, அதற்குக் காங்கேயம் ஊசியே போடுங்கள். இனமும் கெடாது, வீட்டில் சண்டையும் வராது.

கிடேரிகளுக்கு ஒரு எச்சரிக்கை. தலை ஈத்துக்கு ஹெச்.எஃப். ஊசி வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு சின்ன ஜெர்சி கிடேரி இருந்தது. ஊசி போட வந்தவர் கையில் அன்று ஹெச்.எஃப். தவிர வேறு குச்சி இல்லை. பருவம் தப்பிப்போகுமே என்று நானும் சரி என்றுவிட்டேன். ஈனும் ராத்திரி முன்னங்கால் இரண்டும் வெளியே வந்து, மூக்கு நுனி தெரிந்து, அத்தோடு நின்றுவிட்டது. கயிறு கட்டி, அது முக்கும்போது மட்டும் இழுத்து, விடியற்காலை வரை போராடினோம். கன்று செத்துத்தான் வந்தது. கிடேரி நான்கு நாள் எழவில்லை. படித்த எனக்கே அந்தப் புத்தி அப்போது வரவில்லை.

வயதைப் பார்த்து ஊசி போடாதீர்கள், எடையைப் பாருங்கள். ஜெர்சி கலப்புக் கிடேரி 250 கிலோவாவது இருக்க வேண்டும். தராசு வேண்டாம், தையற்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்குங்கள். தோள்முனையிலிருந்து வாலடிப் பக்கத்துப் பின்தட்டு எலும்பு வரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி 660 ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 58, நீளம் 50 என்றால் சுமார் 255 கிலோ. பெண் கன்றே கிடைக்கும் பாலினம் பிரித்த ஊசியைச் செலவழித்துப் போடுவதென்றால், இப்படித் தேறிய கிடேரிக்கோ நல்ல இளம் மாட்டுக்கோ போடுங்கள். பத்துக்கு ஒன்பது பெண்ணாகத்தான் பிறக்கும், ஆனால் சினை பிடிப்பது சாதா ஊசியைவிடக் கொஞ்சம் குறைவு. அதனால் சினை பிடிக்க இழுக்கும் உங்கள் ஹெச்.எஃப். மாட்டில் அதை வீணாக்க வேண்டாம்.

காளை இல்லாவிட்டால் பருவம் கண்டுபிடிக்கும் வேலை உங்கள் தலையில் விழும், அதையும் சொல்லியாக வேண்டும். விடியற்காலை கறவைக்கு முன்னால் ஒரு தடவை, ராத்திரி படுக்கப் போகும்முன் ஒரு தடவை மாட்டுக் கொட்டகையில் பத்து நிமிடம் நில்லுங்கள். கண்ணாடி மாதிரி வழும்பு வாலில் ஒட்டியிருக்கும், கத்தும், பால் குறையும், மற்ற மாடு ஏறினால் நகராமல் நிற்கும். கோடையில் கலப்பின மாடு கத்தாமலேயே பருவத்துக்கு வந்து போய்விடும், வழும்பு ஒன்றுதான் அடையாளம். காலையில் கண்டால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை. இருபத்தொன்றாம் நாள் பக்கம் திரும்பக் கவனிக்க வேண்டும்.

ஊசி போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: இந்த மாட்டுக்கு இந்த இனம் வேண்டும், கொண்டு வாருங்கள் என்று. ஊசிக் குச்சியைத் திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்ததும் வெதுவெதுப்பான நீரில், 37 டிகிரியில், அரை நிமிடம் வைத்து எடுப்பதுதான் முறை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் காலிக் குச்சியைக் கேட்டு வாங்குங்கள். பேனா ரீஃபிலைவிட மெல்லிசாக இருக்கும். அதன் மேல் காளையின் எண்ணும் இனமும் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். ஒரு நோட்டில் மாட்டின் பேரை எழுதி, தேதி போட்டு, அந்தக் குச்சியை அப்படியே செல்லோ டேப்பால் ஒட்டிவிடுங்கள். இன்று போடும் ஊசியில் பிறக்கும் கிடேரி கறவைக்கு வர மூன்று வருடம் ஆகும். அதற்கு ஊசி போடும் நாளில் அப்பன் எண் என்ன என்று கேட்டால் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம்.

காளையை விற்கும்போது உள்ளூரிலேயே கொடுக்காதீர்கள். மூன்றரை வருடத்தில் அதன் கன்றுகளை அக்கம்பக்கத்தில் யார் யாருக்கு விற்றீர்களோ, அந்தக் கிடேரிகளிடமே அது போய் நிற்கும். இனவிருத்திக்கென்று கேட்டு வருபவர் என்றால், கருச்சிதைவு நோய்க்கு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ரத்தத்தில் நோய் தெரிந்தால் விற்காதீர்கள், உங்கள் ஏழு மாட்டுக்கும் அன்றே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.