கண்ணில்லாத டார்பிடோ நீர்மூழ்கியை எப்படித் தேடிப் பிடிக்கிறது?

காதால்தான். (டார்பிடோ என்றால் நீருக்கடியில் தானே ஓடிச் சென்று வெடிக்கும் குண்டு.) இதற்கு நல்ல உதாரணம், 1943-இல் அமெரிக்கர்கள் களமிறக்கிய மார்க் 24. ரகசியம் காக்க அதைக் 'கண்ணிவெடி' என்றே அழைத்தார்கள், செல்லப் பெயர் ஃபிடோ. உண்மையில் அது விமானத்திலிருந்து போடும் டார்பிடோ. எடை சுமார் 310 கிலோ.

அதன் உடலைச் சுற்றி நான்கு ஒலிவாங்கிகள். நீர்மூழ்கியின் சுழலி இடப்பக்கம் இரைந்தால் இடப்பக்கக் காதுக்குச் சத்தம் கூடுதலாகக் கேட்கும். வலப்பக்கக் காதை டார்பிடோவின் உடலே மறைத்துக்கொள்ளும். சத்தம் கூடுதலாகக் கேட்கும் பக்கம் சுக்கான் திரும்பும். மேல், கீழும் அப்படியே. இரண்டு பக்கமும் சமமாகக் கேட்டால், இலக்கு நேர் எதிரே. டிரான்சிஸ்டர் வருவதற்கு முந்தைய வெற்றிடக்குழாய்க் காலத்தில் இதைச் செய்தது எனக்கு இன்றும் வியப்புதான்!

சரி, வேகம்? வெறும் 12 நாட், அதாவது மணிக்கு சுமார் 22 கி.மீ. ஆனால் மூழ்கிய ஜெர்மன் யு-படகு (நீர்மூழ்கி) 7, 8 நாட்தான் போகும், அதனால் போதும். மேலே மிதக்கும்போது அது 17 நாட் ஓடும், துரத்திப் பிடிக்க முடியாது. எனவே படகு மூழ்கிய பிறகே, அந்த நீர்ச்சுழிப்பின் அருகில் போடுவார்கள்.

வெடிமருந்து 42 கிலோதான், ஆனால் அதுவே போதும். ஆழத்தில் நீரழுத்தம் தாங்கி நிற்கும் உடலில் ஒரு ஓட்டை விழுந்தாலே படகு தப்புவது கடினம்.