பேய்க்கணவாய் பற்றிக் கேட்டவர்களுக்கு

போன இதழில் ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஏகப்பட்ட கேள்விகள். இந்த முறை முழுக்க அதுதான்.

கேள்வி: மூன்று இதயம் எதற்கு? ஒன்று பழுதானால் இன்னொன்றா?

பதில்: ஸ்டெப்னி டயர் மாதிரி இல்லை, மூன்றுக்கும் வேலை உண்டு. இரண்டு இதயங்கள் ரத்தத்தைச் செவுள்களுக்குத் தள்ளுவதோடு சரி. உடம்பு முழுக்க அனுப்புவது மூன்றாவது. அதன் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் நிறம் நீலம். இதில் வேடிக்கை, ஆக்டோபஸ் நீந்தும்போது அந்த மூன்றாவது இதயம் துடிப்பதை நிறுத்திவிடும். நீந்தினால் சீக்கிரம் களைத்துப்போகிற பிராணி அது, அதனால்தான் முடிந்தவரை தரையில் ஊர்ந்தே காலத்தை ஓட்டுகிறது.

கேள்வி: கணவாயும் ஆக்டோபஸும் ஒன்றுதானா?

பதில்: நெருங்கிய சொந்தம். பேய்க்கணவாய் என்று மீனவர்கள் சொல்வது ஆக்டோபஸைத்தான். அதற்கு எட்டுக் கைகள். ஊசிக்கணவாய்க்கும் ஓட்டுக்கணவாய்க்கும் அந்த எட்டோடு இரை பிடிக்க நீளமான இரண்டு சேர்த்துப் பத்து.

கேள்வி: நிறம் மாறுவது மட்டுமல்ல, வேறு பிராணி போலவே நடிக்கும் ஆக்டோபஸ் இருக்கிறதாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். 1998-ல் இந்தோனேசியாவின் சுலவேசி கடலோரத்தில் கண்டுபிடித்தார்கள். ஒளிந்துகொள்ளப் பாறையோ பவளமோ இல்லாத வெறும் மணல்வெளியில் வாழ்கிற பிராணி, வேஷம் கட்டித்தான் பிழைக்க வேண்டும். கைகளைப் பின்னால் சேர்த்து உடம்பைத் தட்டையாக்கி நெளிந்து போனால் தட்டைமீன். ஆறு கைகளைக் குழிக்குள் ஒளித்துவிட்டு, வரிவரியான மீதி இரண்டை எதிரெதிர்த் திசையில் நீட்டினால் கடல்பாம்பு. டாம்செல் மீன்கள் வந்து தொல்லை கொடுக்கும்போது இந்தப் பாம்பு வேஷம் போட்டதைப் பார்த்திருக்கிறார்கள், கடல்பாம்பு அந்த மீன்களைத் தின்னும் பிராணி! இத்தனைக்கும் பெரும்பாலான ஆக்டோபஸ்களுக்கு நிறம் பிரித்தறியும் கண் கிடையாது. அவற்றின் விழித்திரையில் இருப்பது ஒரே வகை ஒளியுணரிதான்.

கேள்வி: கப்பலைக் கவிழ்க்கும் ராட்சதக் கணவாய்?

பதில்: கப்பலை விடுங்கள். கண் மட்டும் கிட்டத்தட்ட 27 சென்டிமீட்டர் குறுக்களவு, அது போதாதா? உயிரோடு அதன் இருப்பிடத்திலேயே முதன்முதலாகப் படம் பிடித்தது 2004-ல், ஜப்பானின் ஒகசவாரா தீவுகள் அருகே. அதைவிடக் கனமான இன்னொரு கணவாய் அண்டார்டிக் பகுதியில் உண்டு, 2007-ல் பிடிபட்டது 495 கிலோ. ஆனால் அந்த இனத்தை ஆழ்கடலில் உயிரோடு படமெடுக்க 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, சிக்கியதும் 30 சென்டிமீட்டர் குட்டிதான்.

கேள்வி: முட்டையிட்டதும் தாய் ஆக்டோபஸ் செத்துவிடும் என்கிறார்களே, பாவமாக இருக்கிறது.

பதில்: உடனே சாகாது, முட்டை பொரியும் வரை காவல் இருக்கும். மற்றதெல்லாம் எப்படியோ, இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. கலிஃபோர்னியாவின் மான்டரே ஆழ்கடல் பள்ளத்தாக்கில், சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில், ஒரு பாறையில் முட்டைகளை மூடியபடி ஒட்டிக்கொண்டிருந்த ஒரு ஆக்டோபஸை 2007 மே மாதம் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். உடம்பில் இருந்த தழும்புகளை வைத்து அதையே திரும்பத் திரும்ப அடையாளம் கண்டார்கள், ஒவ்வொரு முறை போனபோதும் அதே பாறை, அதே இடம். நண்டும் இறாலும் பக்கத்தில் வந்தாலும் அது தின்று ஒருமுறைகூட யாரும் பார்க்கவில்லை. தோல் வெளிறி, கண் மங்கி, உடம்பு வற்றிக்கொண்டே போனது. 2011 செப்டம்பரில் கடைசியாகப் பார்த்தார்கள், அடுத்த மாதம் போனால் தாயைக் காணோம், பாறையில் வெற்று முட்டைக்கூடுகள் மட்டும். மொத்தம் 53 மாதங்கள். அவ்வளவு நாள் முட்டையைக் காத்த வேறு விலங்கு பதிவில் இல்லை. குளிர்ந்த தண்ணீரில் கரு மெதுவாக வளர்வதும், தாயின் உடம்பும் மெதுவாகச் செலவாவதும்தான் காரணம்.

கேள்வி: அப்படியானால் அப்பா என்ன செய்கிறார்?

பதில்: போர்வை ஆக்டோபஸில் பெண் 2 மீட்டர் வரை வளரும், ஆண் இரண்டரை சென்டிமீட்டரைத் தொடுவதே கஷ்டம். விந்து நிரம்பிய ஒரு கையைப் பெண்ணிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு ஆளைக் காணோம். இதேபோல ஆர்கோனாட் என்ற இனத்தின் பெண்ணுக்குள் கிடந்த கையைப் பார்த்து, பிரெஞ்சு அறிஞர் குவியே அதை ஒட்டுண்ணிப் புழு என்று நினைத்துப் பெயரே வைத்துவிட்டார். அந்தப் பெயர் இன்றும் அந்தக் கைக்கு நிற்கிறது.

கேள்வி: வாம்பயர் ஸ்க்விட், அதாவது ரத்தக்காட்டேரிக் கணவாய் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அது ரத்தம் குடிக்குமா?

பதில்: குடிக்காது. மேலிருந்து உதிரும் செத்த துணுக்குகளையும் கழிவுகளையும் சளியில் உருட்டித் தின்கிறது. பெயர்தான் பெத்த பெயர்.

கேள்வி: ஆக்டோபஸ் மீன்களைக் குத்துவிடும் என்று என் மகன் சொல்கிறான், நம்பலாமா?

பதில்: பையன் சொல்வது சரி. சில ஆக்டோபஸ்கள் மீன்களோடு கூட்டுச் சேர்ந்து வேட்டையாடும், நடுவில் திடீரென்று ஒரு கையை வீசிக் கூட்டாளி மீனை ஒரு குத்து விடும். இது 2020-ல் வெளியான ஆய்வு. பல குத்துகள் இரைக்குப் போட்டியைத் தள்ளிவிட. சிலவற்றில் குத்தியதால் ஆக்டோபஸுக்கு ஒரு லாபமும் தெரியவில்லை, வெறும் வன்மமாகவும் இருக்கலாம் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள்.