கிட்டாரில் 13 கம்பி போட்டும் ப்ளூஸ் கலைஞர் ஸ்டீவி ரே வானின் ஒலி வரவில்லை என்றவருக்கு

மூன்று மாதமாக 13 கம்பி (மெல்லிய கம்பியே 0.013 அங்குலத் தடிமன் உள்ள தடித்த செட்), விரல் புண்ணானதுதான் மிச்சம் என்கிறீர்கள். சரி, கழற்றிவிட்டு அதைவிட மெல்லிய 10 போடுங்கள். ஸ்டீவி சுருதியை அரை ஸ்வரம் இறக்கித்தான் வாசிப்பார்; அதனால் தடித்த கம்பியும் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும். நீங்கள் இறக்கினீர்களா?

கம்பி மட்டும் அந்த ஒலியைத் தராது. அண்ணன் ஜிம்மியைப் பார்த்துப் பழகி, ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஆல்பர்ட் கிங்கை நகலெடுத்து, டெக்சாஸின் ஆஸ்டின் நகர கிளப்களில் வருடக்கணக்கில் வாசித்தவர் அவர். 1982-ல் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ இசை விழாவில் கூச்சலிட்டு அவமதித்தார்கள். அங்கே கேட்ட பாடகர் டேவிட் போவிதான் தன் ஆல்பத்தில் வாசிக்க அழைத்தார். சொந்தமாக முதல் ஆல்பம் வந்தபோது வயது 28. என்னைக் கேட்டால், குடியை விட்டபின் 1989-ல் வந்த ‘இன் ஸ்டெப்’தான் உச்சம்.

இந்த வாரம் ஆல்பர்ட் கிங் கம்பியை வளைக்கும் ஒரே ஒரு இடத்தை மட்டும் பிடித்துப் பாருங்கள்.