கேளுங்க அக்கா: மிஷனரி வீட்டுக்குள்ள நடக்கறது

(பேர் போட வேண்டாம்னு எல்லாருமே கேட்டிருந்தீங்க, போடல. கடிதங்களை சுருக்கியிருக்கேன்.)

கேள்வி: அக்கா, நாங்க குடும்பமா பணித்தளத்துல இருக்கோம். எங்க வீட்டுக்காரர் நல்லவர், ஜெபிக்கிறவர், ஆனா ராத்திரி எந்நேரம் யார் கதவைத் தட்டினாலும் எழுந்து போயிடுவார், புள்ளைங்க ஹோம்வொர்க் நோட்டோட அப்பாவுக்கு காத்திருந்து அப்படியே தூங்கிடுதுங்க. ஏதாவது சொன்னா "ஊழியத்துக்கு தடையா இருக்காதே"ங்கறார். அதுக்கப்புறம் நான் என்ன பேசறது? நிஜமாவே நான் தடைதானா?

பதில்: இல்லம்மா. முதல்ல அந்த "தடை"ங்கற பேச்சை வீட்டுல இருந்து எடுக்கணும், ஏன்னா அதை சொல்லிட்டா எதிர்ல இருக்கறவங்க கடவுளோடயே சண்டை போடற மாதிரி ஆயிடுது, யாராலயும் பதில் பேச முடியாது.

பைபிள்ல யாத்திராகமம் 18ம் அதிகாரத்தை ரெண்டு பேரும் சேர்ந்து படிங்க. தலைவர்கள் கூட்டத்துல எல்லாம் மோசேக்கு மாமனார் எத்திரோ கொடுத்த ஆலோசனையைத்தான் சொல்வாங்க, ஆயிரம் பேருக்கு ஒருத்தர் நூறு பேருக்கு ஒருத்தர்னு வேலையை பிரிச்சுக் கொடுன்னு. ஆனா அந்த அதிகாரம் ஆரம்பிக்கறது எப்படி? மோசே திருப்பி அனுப்பியிருந்த மனைவி சிப்போராளையும் ரெண்டு பசங்களையும் கூட்டிக்கிட்டு மாமனார் வனாந்தரத்துக்கே வந்து நிக்கறார். குடும்பத்தை கொண்டுவந்து சேர்த்துட்டு, மறுநாள் மருமகன் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஜனங்களுக்கு நியாயம் விசாரிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கறதை பாத்துட்டுதான் "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல"ன்னு சொல்றார். மோசேகிட்டயே இதை சொல்லலாம்னா உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லலாம்.

வங்காளத்துக்கு மிஷனரியா வந்த வில்லியம் கேரி கதையையும் நாம பாதிதான் சொல்றோம். 1793ல இங்கிலாந்துல இருந்து கிளம்பினப்போ மனைவி டோரதி முதல்ல வரமாட்டேன்னுதான் சொன்னாங்க, அப்பதான் குழந்தை பிறந்திருந்துச்சு, கடைசி நேரத்துல தங்கச்சி துணைக்கு வர்றதா சொன்னதும்தான் சம்மதிச்சாங்க. அடுத்த வருஷமே அஞ்சு வயசு பையன் பீட்டர் சீதபேதியில செத்துப் போறான். அதுக்கப்புறம் டோரதியோட மனநிலை சரியாகவே இல்ல, 1807ல சாகற வரைக்கும் அப்படித்தான். அந்த வருஷங்கள்லதான் கேரி பெங்காலியில புதிய ஏற்பாட்டை முடிச்சு 1801ல அச்சுல கொண்டுவந்தார். பசங்க கவனிப்பார் இல்லாம அடங்காம திரிஞ்சாங்க, அவங்களை கையில எடுத்தது வங்காளத்துல சீராம்பூர்ல கூட ஊழியம் செஞ்ச ஹன்னா மார்ஷ்மனும் வில்லியம் வார்டும்தான். கேரியை குறை சொல்ல எனக்கு தகுதியில்ல, ஆனா மொழிபெயர்ப்பைப் பத்தி மட்டும் பிரசங்கம் பண்ணிட்டு டோரதியை ஒரு வரியில தாண்டிப் போறது எனக்கு பிடிக்கல, அவ்வளவுதான்.

இப்ப உங்க வீட்டுக்கு வரலாம். வாரத்துல ஒரு சாயங்காலம் குடும்பத்துக்குன்னு முடிவு பண்ணுங்க, அதை விசுவாசிகளுக்கும் வெளிப்படையா சொல்லிடுங்க, ஒளிச்சு வைக்காதீங்க, ஏன்னா நாளைக்கு அவங்க வீட்டுலயும் அப்பாங்க அதைத்தான் பாத்து செய்வாங்க. சாவு, பிரசவம், ஆஸ்பத்திரின்னா போகட்டும். மத்ததுக்கு உடன் ஊழியர் யாராவது போகலாம், அப்படி யாருமே இல்லன்னா காலையில வரச் சொல்லலாம், பெரும்பாலான விஷயம் காலை வரைக்கும் தாங்கும். இன்னொண்ணு, நீங்களும் மிஷனரிதான். வீடு தேடி வர்ற பொம்பளைங்க யார்கிட்ட மனசு விட்டு பேசறாங்க, உங்ககிட்டதானே? ஊழியத்தை வெளியில நின்னு பாக்கற ஆள் மாதிரி நீங்களே உங்களை நினைச்சுக்காதீங்க.

இவ்வளவு சொல்லியும் கேக்கலன்னா உங்க மிஷன் ஸ்தாபனத்துல குடும்பங்களை விசாரிக்கற பொறுப்புல இருக்கறவங்ககிட்ட போங்க. அது காட்டிக்கொடுக்கறது ஆகாது.

கேள்வி: ஊழியத்தை தாங்கறவங்களுக்கு நாங்க அனுப்பற ஜெப மடல்ல பையன் பரீட்சையில ஃபெயிலானதை எழுதி ஜெபிக்கச் சொல்லி கேட்டோம். அவன் எங்களோட பேசறதே இல்ல. ஜெபம் கேட்டது தப்பா?

பதில்: ஜெபம் கேட்டது தப்பில்ல, அவனைக் கேக்காம எழுதினதுதான் தப்பு. பெரியவங்களே தன்னோட தோல்வியை ஊரறிய எழுத மாட்டோம். அவன்கிட்ட போய் மன்னிப்பு கேளுங்க, காரணம் சொல்லி இழுக்காம. இனிமே மடல் போறதுக்கு முன்னாடி அவன் பேர் வர்ற வரியை அவனே படிக்கட்டும், வேண்டாம்னா எடுத்துடுங்க. போட்டோவுக்கும் இதேதான். மடல் யார் யார் கைக்கு போகும்னு நமக்கு தெரியாது, ஃபார்வர்ட் பண்ணிக்கிட்டே இருப்பாங்க, எதிர்ப்பு இருக்கற இடங்கள்ல புள்ளையோட முகமும் ஸ்கூல் பேரும் வெளிய போறது ஆபத்தும்கூட.

கேள்வி: பக்கத்துல நல்ல ஸ்கூல் இல்ல. பொண்ணை ஹாஸ்டல்ல விடச் சொல்றாங்க. "ஆபிரகாம் ஈசாக்கையே கொடுத்தாரே"ன்னு ஒரு மூத்த ஊழியர் சொன்னார். மனசு கேக்கல அக்கா.

பதில்: மகன் ஈசாக்கை பலி கொடுக்க மலைக்கு கூட்டிட்டுப் போன ஆபிரகாமை இதுக்கு இழுக்கறது எனக்கு சுத்தமா ஒப்பல. அந்தக் கதையில பையன் அப்பாவோடவே மலையில இருந்து இறங்கி வந்துட்டான்.

ஹாஸ்டல் தப்புன்னு நான் சொல்ல வரல. நல்லா வந்த பிள்ளைங்களும் உண்டு, உள்ளுக்குள்ள உடைஞ்சவங்களும் உண்டு, ரெண்டு பக்கமும் சாட்சி இருக்கு. சைனா இன்லேண்ட் மிஷன் 1881ல சீனாவுல சீஃபூங்கற ஊர்ல மிஷனரி பிள்ளைகளுக்குன்னு ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, நல்ல பேர் வாங்கின ஸ்கூல். ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான்காரங்க அந்தப் பிள்ளைகளையும் டீச்சர்களையும் பிடிச்சு கடைசியில சீனாவுலயே வெய்சியன்ங்கற இடத்து கைதி முகாம்ல அடைச்சாங்க, 1945 ஆகஸ்ட்ல விடுதலை ஆகற வரைக்கும் வருஷக்கணக்குல அப்பா அம்மாவை பாக்காத பிள்ளைங்க இருந்தாங்க. டீச்சருங்க கூடவே இருந்து பாடம் நடத்தினாங்க. ஒலிம்பிக்ல தங்கம் வாங்கின எரிக் லிடெலும் அதே முகாம்லதான் பிள்ளைகளுக்கு பாடம், விளையாட்டுன்னு எல்லாம் பாத்துக்கிட்டார், அவரும் மிஷனரி பையன்தான், சின்ன வயசுல போர்டிங்ல வளர்ந்தவர். அவரோட மனைவியும் பொண்ணுங்களும் கனடாவுல, மூணாவது பொண்ணை ஒரு தடவைகூட பாக்காமலே 1945 பிப்ரவரியில முகாம்லயே இறந்துட்டார். இதைக் கேட்டா சிலர் "எவ்வளவு பெரிய தியாகம்"ம்பாங்க. சரிதான், ஆனா அந்தப் பொண்ணும் அப்பா இல்லாமத்தான் வளர்ந்துச்சு, அதையும் சேர்த்து சொல்லுங்க.

முடிவெடுக்கறதுக்கு முன்னாடி உங்க பொண்ணுகிட்டயே கேளுங்க. வயசு ரொம்ப சின்னதுன்னா தள்ளிப் போடுங்க, வீட்டுலயே படிக்க வைக்க முடியுமா, ஸ்கூல் இருக்கற இடத்துக்கு பணித்தளத்தை மாத்தித் தருவாங்களான்னு ஸ்தாபனத்துல கேளுங்க, கேக்கறது அவிசுவாசம் இல்ல. விடறதுன்னு ஆச்சுன்னா நேர்ல போய் வார்டனை பாருங்க, பிள்ளை தனியா, யாரும் ஒட்டுக் கேக்காம உங்களோட போன்ல பேச முடியுமான்னு கேளுங்க, இதுக்கு மழுப்பினாங்கன்னா அந்த இடமே வேண்டாம். பொண்ணு "வீட்டுக்கு வரணும்"னு சொன்னா எந்தக் கேள்வியும் இல்லாம கூட்டிட்டு வருவோம்னு அவகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

கேள்வி: வயசான அப்பா அம்மா தனியா இருக்காங்க. "கர்த்தர் பாத்துக்குவார்"னு சொல்லிட்டு பணித்தளத்துலயே இருக்கலாமா?

பதில்: மாற்கு 7ம் அதிகாரத்துல இயேசு "கொர்பான்" விஷயமா பரிசேயரை கண்டிச்சது இதுக்காகத்தான், தேவனுக்கு காணிக்கையா கொடுத்துட்டேன்னு சொல்லி அப்பா அம்மாவை கைவிடறதை. கூடப்பிறந்தவங்களோட பேசி யார் எதை பாத்துக்கறதுன்னு தெளிவா பிரிச்சுக்கங்க, உங்க பங்கு பணத்தையும் லீவையும் முன்னாடியே ஒதுக்கி வைங்க. யாருமே இல்லன்னா கொஞ்ச காலம் திரும்பிப் போறதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

கேள்வி: காணிக்கையில வாழற நாங்க குடும்பமா லீவுக்கு எங்கயாவது போனா காணிக்கை கொடுத்து தாங்கறவங்க தப்பா நினைப்பாங்களா?

பதில்: சிலர் நினைப்பாங்க. போயிட்டு வாங்க.

கேள்வி: நான் மிஷனரி பொண்ணு, பதினாறு வயசு. ஃபர்லோவுல, அதாவது பணித்தளத்துல இருந்து லீவுல ஊருக்கு வர்றப்போ, எந்த சபைக்கு போனாலும் "நீயும் அப்பா மாதிரி ஊழியத்துக்கு வருவியா"ன்னு மேடையில நிக்க வெச்சே கேக்கறாங்க. எனக்கு விருப்பமில்ல. பொய் சொல்லவும் பிடிக்கல.

பதில்: பொய் வேண்டாம் செல்லம். "இன்னும் முடிவு பண்ணல"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டு இறங்கிடு. அதுக்கு மேல யாராவது நோண்டினா அப்பா பக்கம் கையைக் காட்டு, சபை சபையா போய் ஊழியத்தைப் பத்தி சொல்ற டெபுடேஷன்ல கேள்விக்கு பதில் சொல்றது அவரோட வேலை. மேடை ஏறவே பிடிக்கலன்னா அதையும் கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுலயே சொல்லிடு. இந்தப் பக்கத்தை அப்பா அம்மா படிக்கற இடத்துல திறந்து வெச்சாலும் சரிதான்.